பஞ்சோடு போன இரண்டு நிமிடங்கள்

விழாத் தலைவர் வெற்றிச்செல்வன் அவர்களே! சேக்காட்டுத் திரைப்படக் கழகத்தைத் தோளில் சுமக்கும் பெரியோர்களே! சமையலைச் சீக்கிரமே முடித்து, முன்வரிசையைப் பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பாரிவாக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் அனுசுயா அம்மையாரின் உற்றாரே, உறவினரே! கழகச் செயலாளர் சம்பந்தத்தின் கனிந்த வணக்கம்.

சென்ற மாதம் இதே மன்றத்தில் எதைக் கண்டோம்? ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் பிறந்த சோதனைக் குறும்படங்களைக் கண்டோம்! கதாநாயகன் உண்டா? இல்லை. கதை உண்டா? இல்லை. சிலவற்றில் கேமராவாவது உண்டா? அதுவும் இல்லை! பிலிமின் மீதே வண்ணம் தீட்டி, வட்டங்களையும் கோடுகளையும் வாத்தியத்துக்கு வளைந்தாட வைத்தார்கள். அதற்கு அந்நாட்டு அஞ்சல் துறையே ஆதரவு தந்தது! என்ன தம்பி? தபால்காரர் நடித்தாரா என்றா கேட்கிறாய்? உட்கார் அப்பா!

அன்று தையற்கடை அனுசுயா எழுந்தார். "கேமராவே வாணாமா? அப்போ நானே ஒண்ணு எடுத்துகினு வரேன்" என்றார். சொன்னார், செய்தார்! கழகம் தந்த வெற்றுப் பிலிமில், மார்க்கர் பேனாவால், பன்னிரண்டு நாள் கண் கடுக்கத் தீட்டினார். மூன்று நிமிடப் படம். அதைக் காணத்தான் இத்தனை கூட்டம்.

அன்பர்களே, இனிதான் என் நாக்கு குழறுகிறது. தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தரச்சோதனை பார்த்தவன் நான். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இன்று காலை ஒரு சுருளைப் பிரித்தேன். சிவப்புத் தீற்றல், பச்சைத் திட்டு, ஊதாக் கிறுக்கல்! கழகத்தின் பழைய சுருளை யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று எண்ணி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன். துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்! இரண்டு நிமிடப் படம் போன பிறகுதான் பெட்டி மூடியில் அனுசுயாவின் பெயரைப் பார்த்தேன்.

அம்மா, இந்த நொடிவரை உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. வெட்கமாக இருக்கிறது. உங்கள் சொந்தபந்தம் முன்னிலையில் கேட்கிறேன், மன்னியுங்கள்!

ஐயோ, எழுந்துவிட்டாரே! என்ன கேட்கிறார்? "மிச்சம் எவ்ளோ கீது சார்?"

ஒரு நிமிடம் இருக்கிறதம்மா.

"அப்பால இன்னா? பேனா பையில கீது, ஜனம் எதிர்ல கீது. ஆளுக்கு ஒரு ஜாண் போட்டா ஆச்சி. மொத கோடு நீ போடு சார்!"

கேட்டீர்களா தீர்ப்பை? இதைவிடப் பெரிய மனம் எந்த நாட்டில் உண்டு? கலை எந்தக் கரையில் பிறந்தால் என்ன, கை வைப்பவருக்கெல்லாம் அது சொந்தம் அல்லவா? வாருங்கள் தாய்மார்களே! வாருங்கள் தோழர்களே! தலைவர் அவர்களே, நீங்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்!

இதோ சிவப்புப் பேனா. இதோ துடைத்த பிலிமை மேசையில் விரிக்கிறேன். போட்டுவிட்டேன்! கோடு கோணலாக விழுந்துவிட்டதே... என்னம்மா? "தொடச்சிடாத சார்!"

துடைக்கமாட்டேன் தாயே! பொறுத்தவருக்கு என் நன்றி, வரைய வருவோருக்கு என் வணக்கம்!