வரைந்தது வரைந்தபடியே

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. பட்டறையில் இருப்பதெல்லாம் முக்காலி. இப்படி முதுகு சாய்த்து உட்கார்ந்தே பல வருஷமாகிறது. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த எஞ்சினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் நான்கு சிலிண்டரோடு திருப்திப்பட்ட காலத்தில், பந்தய எஞ்சின் வடிவமைப்பதில் பேர்போன பெரியவர் பன்னிரண்டு சிலிண்டர் வைத்து ஒன்றை வரைந்தார். ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா என்று கேலி பேசியவர்கள்கூட அது முதன்முதலாக உறுமியபோது ஓடிவந்து சுற்றி நின்றார்கள். அதை வைத்துப் பந்தயம் ஓட்டியவன் என் அண்ணன். அந்த வருஷம் அவனை மிஞ்ச ஆளில்லை. எங்கள் அப்பா தெருவில் நடக்கிற நடையே மாறிப்போயிருந்தது.

அண்ணனுக்கு ஒரே ஒரு கவலை. நீளமான வளைவில் வண்டி திரும்பும்போது எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் படுத்துவிடுகிறது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வான். பெரியவரிடமும் சொன்னான், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "முள்ளைப் பாக்காதப்பா, ரோட்டைப் பாரு" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

அடுத்த பந்தயத்தில் அப்படியொரு வளைவில் எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி சுவரில் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டான். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பையன் கண்மண் தெரியாமல் முறுக்கிவிட்டான் என்று விசாரணையில் சொல்லிப் பெரியவர் கையைக் கழுவிக்கொண்டார். நல்ல எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பெயர்தான் அண்ணனுக்கு மிஞ்சியது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அப்பா சாகிறவரை தலை நிமிரவில்லை. நான் பெரியவரை வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

பிறகு நானும் எஞ்சின் வேலைக்கே வந்தேன். பழைய எஞ்சின்களை ஓடவைப்பதில் பெயரும் வாங்கினேன். போன வருஷம் பெரியவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பந்தயத் தடத்துக்கு ஆண்டு விழாவாம், அந்த எஞ்சின் மறுபடி ஓட வேண்டுமாம். ஓட்டியவனின் தங்கை கையாலேயே அது நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு திருகாணிகூட மாத்தக் கூடாதும்மா. நான் வரைஞ்சது வரைஞ்சபடியே இருக்கணும்." சரி என்றேன்.

பிரித்துப் பார்த்த அன்றே விஷயம் புரிந்துவிட்டது. எண்ணெயை உறிஞ்சும் குழாய் தொட்டியின் ஓர் ஓரத்தில் இருந்தது. வண்டி நெடுநேரம் ஒரே பக்கம் திரும்பினால் எண்ணெய் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும், குழாய் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும், எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் இறுகி நின்றுவிடும். நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் தீர்ந்தது. அதை வெட்டிக்கூட வைத்தேன். என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் சீர்செய்து, அவர் கேட்டபடியே கொடுத்தேன்.

அவரே ஓட்டுவதாகத்தான் பேச்சு. விழாச் சுற்று என்றாலும் மெதுவாக ஓட்டுகிற குடும்பம் இல்லை அது. விழா அன்று காலை இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மகளை உட்காரவைத்தார். அவளும் பந்தயக்காரிதான், கெட்டிக்காரி. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"ஒண்ணும் மாத்தக் கூடாதுன்னு அன்னைக்கு ஊருக்காகச் சொன்னேன். அந்த எண்ணெய்த் தொட்டிக்குள்ள தடுப்பு வெச்சிருக்கே இல்லம்மா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

இதைக் கேட்கத்தான் எங்கள் வீடு அத்தனை காலம் காத்திருந்தது. ஆனால் அவர் என் காதில் சொன்னார். நாலு அடி தள்ளி மைக் இருந்தது. அதில் சொல்லியிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வெச்சிருக்கேன் ஐயா" என்றேன்.

மூன்றாவது சுற்றில் எஞ்சின் இறுகியது. அவர் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மகள் போய்விட்டாள்.

இப்போது நான் பொய் சொன்னேன் என்று புகார் கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும். என்னை மாட்டிவிட வேண்டுமானால், எஞ்சினில் முதல் நாளிலிருந்தே கோளாறு, அது தனக்குத் தெரியும் என்று அவர் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லியும்விட்டார். நான் மறுத்தால் அந்தப் பேச்சு எடுபடாமல் போய்விடும், அதனால் மறுக்கவில்லை. ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவள் உட்கார்ந்த பிறகும் தெரிந்தேதான் சொன்னேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. அவள் ஓட்டியதில் ஒரு தவறும் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் அண்ணனுக்கு நேர்ந்தது அவளுக்கு நேர நான் விடமாட்டேன்.