வெறும் வயிற்று ரத்தம்

விளக்கைத் தணித்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது.

விடியற்காலை நாலே முக்கால். ஆளில்லாத புறவழிச் சாலை. பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி... உள்ளே ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுவென்று மோதிக்கொண்டே வந்தன.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவன் பயிற்சி ஆள். இரண்டு வருடம் டிப்ளமோ படித்துவிட்டு, ஆறு மாதமாகச் சம்பளமில்லாப் பயிற்சி. வீடு வீடாகப் போய் வெறும் வயிற்று ரத்தம் எடுத்து வர வேண்டும். மனைவிக்கு ஏழாம் மாதம். மாமியார் வைத்த பெயர் ஊசி மாப்பிள்ளை.

"ஊரு ரத்தத்தையெல்லாம் எடுத்துட்டு வர்றாரு. ஒரு சம்பளச் சீட்டு எடுத்துட்டு வரத் தெரியல."

அன்று பயிற்சியின் கடைசி நாள். மூன்று மாதிரிகள் தவறினால் வேலை இல்லை. இரண்டு ஏற்கெனவே தவறியிருந்தன. வெறுங்கையோடு திரும்பினாலும் தவறுதான். பட்டியலில் மீதி ஒரே ஒரு வீடு.

கதவு திறந்தே கிடந்தது. ஈர மண் வாசனை. நாற்காலியில் ஓர் அம்மா. கையை முன்பே நீட்டி வைத்திருந்தார்.

எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டான்.

"கடைசியா எப்போம்மா சாப்பிட்டீங்க?"

"போன வருஷம், தம்பி."

பேனா நின்றது. தாளில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்... பிறகு 'பன்னிரண்டு மணி நேரம்' என்று எழுதினான்.

ரப்பர் பட்டையைக் கட்டினான். கை ஐஸ் பெட்டியைவிடச் சில்லென்றிருந்தது. தட்டினான். தேய்த்தான். நரம்பு தட்டுப்படவே இல்லை. ஓடிவிடலாம்... ஓடினால் மூன்றாவது.

"அம்மா, கொஞ்சம் கைய மூடித் திறங்கம்மா. இது இல்லாம போனா எனக்கு வேலை இல்ல."

"தெரியும். அதான் உன்னை வரச் சொன்னேன். குத்து."

கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். சுருக்கென்று அவனுக்குத்தான் வலித்தது. கண்ணைத் திறந்தபோது குழாயில் ரத்தம் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மேற்பார்வையாளர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமையான சாம்பிள்யா. இத்தனை நாள் எங்க வெச்சிருந்த இந்தக் கையை?"

சாயங்காலமே வேலை உத்தரவு. மாமியார் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

சட்டையைக் கழற்றியபோது மனைவிதான் பார்த்தாள். இடது முழங்கை மடிப்பில் சிவப்பாக ஒரு புள்ளி.

"யாருங்க உங்களுக்குக் குத்துனது?"

அவன் வேலை உத்தரவை எடுத்து அவளிடம் நீட்டினான். உத்தரவோடு தினசரிப் பட்டியலும் இணைத்திருந்தார்கள். தினமும் அந்த ஒரு வீடு மட்டும்.

போனான். தினமும் போனான். அந்த அம்மா பெயரில் வருகிற முடிவுகளை அவனே அச்செடுப்பான். ஹீமோகுளோபின் முதல் வாரம் பதினான்கு... பிறகு பதினொன்று... போன வாரம் எட்டு.

"வேண்டாங்க. வேற வேலை பார்த்துக்கலாம்" என்று மனைவி அழுதிருக்கிறாள்.

"எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டானாம்.

இன்று காலையும், வியர்த்துக் கொட்டும் இந்த வெயில் காலத்தில், முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்... இரண்டு கைக்கும்.