கைராசிக்காரன் கோழி

அங்குட்டு மிதிச்சிராதீங்கண்ணே, தண்ணி வச்சிருக்கேன். ஐஸ் தண்ணி. கோழிக்குத்தான். சிரிக்காதீக... ஆமா, நீங்க எங்க சிரிச்சீக. காலைல வந்து எறங்குனதுல இருந்து பாக்குறேன், ஒங்க மூஞ்சி ஒரு எடத்துல கூட அசையல. அம்புட்டு வருசம் கிரேன்ல உக்காந்து இரும்பையே பாத்த மூஞ்சி, அப்பிடித்தான் இருக்கும். பரவால்ல. ஆவணி நம்மூர்ல முகூர்த்த மாசம், இங்க குவைத்து மங்காஃப்ல கோழி வெந்து போற மாசம். வாயப் பொளந்துக்கிட்டு, இந்தா இப்பிடி, ஹ் ஹ் ஹ்னு எளைச்சுச்சுன்னா ஒடனே ஐஸப் போட்ரணும். வெயில்ல அவிச்ச முட்டையே போடும்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். பாதிப் பேரு நம்பிட்டாக.

சரி, விசயத்துக்கு வாரேன். நாளைக்குக் காலைல இந்தக் கூடையில முட்டை கெடக்கணும். என் கைக்கு இல்ல, ஒங்க கைக்கு. கெடந்தா ஒங்களுக்கு இந்த வீட்டு விசா, எனக்கு டிக்கெட்டு. அடுத்த வாரம் எம்மக பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். கெடக்கலன்னா, நீங்க ஃபஹாஹீல் ரூமுக்கே போயி, கம்பெனிய இழுத்து மூடுன கதைய நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கலாம். நான் எம்மக கழுத்துல தாலி ஏர்றத போன்ல பாக்கலாம். அதுவும் நடுவுல நெட்டு நின்னுரும். மாப்ள தாலியக் கையில பிடிச்சபடி ரெண்டு கையையும் ஒசத்திக்கிட்டு நிப்பாரு, நானும் இங்க வாயப் பொளந்துக்கிட்டு நிப்பேன், கோழி மாதிரி.

யாரு வச்ச சட்டமா? பாபா வச்சதுதான். பாபான்னா மொதலாளி. அவுக அம்மாவ மாமான்னு கூப்பிடணும். ஆமாண்ணே, பொம்பளதான், மாமாதான். இங்க எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். எனக்கும் மொதல்ல நாக்கு வரல. எம் பொண்டாட்டி உமாராணிகிட்ட, மாமாவுக்குக் கால்வலி, நான்தான் தைலம் எடுத்துக் குடுத்தேன்னேன். எந்த மாமாங்க, ஒங்க அக்கா வீட்டுக்காரரா, அவரு எப்ப குவைத் வந்தாருங்குறா.

வாங்க, ஆளுகள அறிமுகப்படுத்துறேன். இந்தா கழுத்துல முடியில்லாம, தலைய ஆட்டிக்கிட்டே எதையோ தேடிக்கிட்டு வருதே, இதுக்குப் பேரு சூப்பர்வைசர். ஒரு வேலையும் செய்யாது, செய்யிறவுகளக் கொத்தும். அந்தக் கருப்பு, குனிஞ்ச தல நிமிராம நடக்குதுல்ல, அது பாபா சம்சாரம் போனப் பாத்துக்கிட்டே நடக்குற மாதிரியே இருக்கும். அதனால அதுக்கு மேடம். இந்தச் செவலை உமாராணி. எதுக்குன்னு கேக்காதீக. நான் ஒரு வார்த்தை சொன்னா அது ஒம்பது வார்த்தை சொல்லும். மிச்சத்துக்குப் பேரு வைக்கல, நீங்க வச்சுக்கிருங்க. ஒங்களுக்குப் பிடிச்ச இரும்புச் சாமான் பேரா வைங்க.

பிள்ளைக வெளையாடட்டும்னு பாபா வெள்ளிக்கிழமச் சந்தையில வாங்கியாந்தது. பிள்ளைக ஒரு வாரம் போட்டோ எடுத்துச்சுக. அப்பறம் அதுகளுக்குப் பூனை பிடிச்சுப் போச்சு, அப்பறம் படிக்க லண்டன் போயிருச்சுக. கோழி மாமா கைக்கு வந்துருச்சு. அந்தம்மா காலைல தொழுதுட்டு, கம்ப ஊனிக்கிட்டு, இந்தா இந்த நாற்காலி வரைக்கும் வரும். கூடைக்குள்ள கைய விட்டு முட்டைய எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாக்கும். சூடா இருக்கணும். அப்பறந்தான் சாயா, ரொட்டி எல்லாம். முட்டை இல்லன்னா சாயா கெடையாது, ரொட்டி கெடையாது, மாத்திர கெடையாது. பாபா ஓடி வருவாரு. முனீ, பேத் மாஃபி, லேஷ் மாஃபி, மாமா ஸலான். அப்பிடின்னா முட்டை இல்ல, ஏன் இல்ல, அம்மா கோவமா இருக்கு. வெளிய பெரிய ஆபீசரு, ஆளு ஒசரம் இந்தக் கதவு. அம்மா முட்டை கேட்டா பால்வாடிப் புள்ள மாதிரி நிப்பாரு.

இன்னொன்னு, இங்க சேவல் இல்ல. சேவல் இல்லாட்டியும் கோழி முட்டை போடும், அது வேற. ஆனா காலைல சேவல் கூவுற சத்தம் கேக்கும், பயந்துறாதீக. அது நான்தான்.

அதான்ணே, நான்தான். மொதல்ல நெசச் சேவல் ஒண்ணு இருந்துச்சு. அந்தா, பக்கத்துக் கட்டடம், மூணாவது மாடில நம்ம மெட்ராஸ்காரரு இருக்காரு, ரவிசங்கர் சாரு, பெரிய கம்பெனி இஞ்சினியரு. சட்டையச் சொருகிக்கிட்டு வந்தாரு. எக்ஸ்கியூஸ் மீ, இட்ஸ் வெரி டிஸ்டர்பிங், என் சன் ஆதித்யாவுக்கு எக்ஸாம்ஸ். எங்கிட்டச் சொன்னாப் போதாதுன்னு, மூணாவது மாடில இருந்தே மூக்கப் பிடிச்சுக்கிட்டு பாபாவுக்குப் போனும் போட்டாரு. பாபாவுக்கு அக்கம்பக்கம்னா மரியாத. அன்னிக்கு மத்தியானமே சேவல் சோத்துக்குள்ள போயிருச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

மறுநாளு மாமா நாற்காலில வந்து உக்காந்து, வானத்தப் பாக்குது, கூரையப் பாக்குது, என்னையப் பாக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கூட்டுக்குப் பின்னாடி போயி, கையி ரெண்டையும் இப்பிடி மடக்கிக்கிட்டு, கொக்கரக்கோ கோன்னு ஒண்ணு விட்டேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு மடியில விழுந்துருச்சு. அதுல இருந்து தெனமும் கூவணும். வெறுங் கூவலோட விடுமா. பாபா போன் பேசுற மாதிரி பண்ணிக் காட்டணும், மேடம் நகத்துக்குச் சாயம் பூசிட்டு ஊதுறதக் காட்டணும், டிவில செய்தி வாசிக்கிறவரு மாதிரி அரபில ஒளறணும். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அதுக்குப் போதும்.

ரவிசங்கர் சாரு இன்னொரு தரம் புகார் குடுத்தாரு. முனிசிபாலிட்டிக்காரரு வந்து தண்ணித் தொட்டிக்குக் கீழ எல்லாம் குனிஞ்சு தேடுறாரு. எங்கிட்டக் கேட்டாரு, சேவல் எங்க. நான் தொடப்பத்தப் பிடிச்சுக்கிட்டு, சேவல் மாஃபி சார்னேன். சத்தியமான வார்த்த. அந்தாளு வண்டில ஏறிக் கதவச் சாத்துற வரைக்கும் பொறுத்துப் பாத்தேன், முடியல. விட்டேன் ஒண்ணு. எறங்குனாரு, மறுபடி தேடுனாரு. ஜன்னலுக்குள்ள மாமா திரையக் கடிச்சுக்கிட்டு குலுங்குது.

நீங்க இப்பவும் சிரிக்கல. தண்ணி குடிக்கிறீகளா?

கைராசியா? அத யாரு ஒங்ககிட்டச் சொன்னது, கூட்டியாந்த டிரைவரா? ஆமா, இந்த ஏரியா பூரா அப்பிடித்தான் பேரு. அக்கம்பக்கத்துக் கோழியெல்லாம் சித்திரையோட நிறுத்திக்கிரும், நம்ம கோழி மட்டும் ஆவணி வெயில்லயும் போடும். முனியசாமி கைராசி. பாபா வர்ற போற விருந்தாளிகிட்ட எல்லாம் என் கையத் தூக்கிக் காட்டுவாரு, நான் ஏதோ மல்யுத்தத்துல செயிச்ச மாதிரி.

அந்தக் கையாலதான் மாட்டுனேன். போன வருசம் பானுவுக்கு நிச்சயம். லீவு குடுத்தாரு, நல்ல மனுசன். என் எடத்துக்கு விமல்னு ஒரு பய, நம்ம பரமக்குடிப் பக்கந்தான், கெட்டிக்காரன், அவன விட்டுட்டுப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடிச்சு, பந்தக்காலுக்குச் சொல்லி, ஆட்டுக்கு முன்பணம் குடுத்துட்டு உக்காந்துருக்கேன். பாபா போனு. முனீ, பேத் மாஃபி. மாமா சாப்பாடு மாஃபி. யல்லா, கம். டிக்கெட்டு போட்டுட்டாரு. நிச்சயத்துக்கு மொத நாளு கெளம்பி வந்தேன். பானு, போயிட்டு வாங்கப்பான்னு மட்டும் சொன்னா. உமாராணிதான் வாசல்ல நின்னு, கோழி முக்கியமா புள்ள முக்கியமான்னு தெருவே கேக்கக் கேட்டா. கோழிதான் சோறு போடுதுன்னு சொல்ல முடியுமா.

இப்பக் கல்யாணத்துக்கும் போகணும்னு நின்னா பாபா சொல்லிட்டாரு. முனி, நீ போ, நான் ஒண்ணும் தடுக்கல. ஆனா வேற ஆள் கைக்கும் கோழி முட்டை போடுதுன்னு காட்டு, அப்பறம் போ. எங்கம்மா பட்டினி கெடந்தா என்னால பாக்க முடியாது. நாயமான பேச்சுத்தான்.

அதனால இப்பச் சொல்றத ஒங்களோட வச்சுக்கிருங்க. அந்த முக்குல பக்காலா இருக்குல்ல, நம்ம தொண்டிக்காரரு செய்கு முகம்மது பாய் கடை. அங்க முட்டை வாங்கணும். இல்ல, நாம திங்க இல்ல. இந்தக் கூடைக்கு. மேல செவப்பு மையில தேதி அடிச்சிருப்பான், அத வினிகர்ல பஞ்சத் தொட்டு மெல்லத் தொடைச்சா போயிரும். மாமா தொழுகுற நேரம் பாத்து வச்சிரணும். இப்ப வெயிலுக்கு அதுவே சூடா இருக்கும். மார்கழி, தையிலதான் கொஞ்ச நேரம் அக்குள்ல வச்சிருக்கணும். கிச்சுக்கிச்சு மூட்டும், ஒங்களுக்கு அந்தக் கவலையில்ல.

ஆமாண்ணே, கைராசியெல்லாம் வினிகர் ராசிதான். எந்தக் கோழி இந்த வெயில்ல போடும். அதுலயும் உமாராணியும் சூப்பர்வைசரும் நின்னு வருசமாச்சு, ரிட்டயர்டு. மொத கோடையில முட்டை நின்னப்ப, முட்டை இல்லாட்டி கோழி எதுக்கு, கோழி இல்லாட்டி முனி எதுக்குன்னு பாபா நெனச்சிருவாரோன்னு பயந்து ஆரம்பிச்சேன். வேலை போயிரக் கூடாதுன்னு வச்ச முட்டைண்ணே. இப்ப வேலைய விட்டு நகரவே விட மாட்டேங்குது. செய்கு முகம்மது பாய் கேக்குறாரு, முனியசாமி, தெனம் இம்புட்டு முட்டை திங்கிறியே, கொலஸ்ட்ரால் பாத்தியாப்பா.

இருங்க, எந்திரிக்காதீக. முட்டை வாங்கி வைக்கிறதுதான வேலை, அத நான் பாத்துக்கிறேன்னு கெளம்பிட்டீக. அதத்தான் விமலும் சொன்னான். அவங்கிட்டயும் இதெல்லாம் சொல்லிட்டுத்தான் போனேன். அவனும் கரெக்டாத் தொடைச்சு, கரெக்டா வச்சிருக்கான். வச்சிட்டு முகங் கழுவிட்டு வந்து பாத்தா கூடை காலி. தெனமும். பூனைங்குறான், கீரிங்குறான், சமையக்காரன் மேல சந்தேகங்குறான். அழுதுட்டான்ணே போன்ல. வச்சேன்ணே, சத்தியமா வச்சேன்.

நான் வந்து சேந்த அன்னிக்கி பாபா சொல்றாரு, மாமா ரூம்ல ஏதோ நாத்தம், எலி செத்துக் கெடக்கும், பாரு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். லண்டன் பேரன் விட்டுட்டுப் போன ஸ்கூல் பை. ஜிப்பத் தொறந்தா, விமல் வச்ச முட்டை பூரா. ஒண்ணு கூட கொறையல. தலைய நிமித்துறேன், மாமா கட்டில்ல உக்காந்து என்னையே பாக்குது. வாயில வெரல வச்சு, உஸ்ஸுங்குது. அப்பறம் நெஞ்சத் தொட்டு, கூரையக் காட்டி, கையி ரெண்டையும் மடக்கிக் காட்டுது. கூவுங்குது.

நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. பையத் தூக்கிட்டுப் போயிக் குப்பையில போட்டுட்டு, எலிதான் பாபா, பெரிய எலின்னுட்டேன். இல்லன்னா, அம்மா முட்டையத் திருடுதுன்னு அவருகிட்டச் சொல்லணும். சொன்னா, கோழிதான் போடலையே, முட்டை ஏதுன்னு கேப்பாரு. அந்தம்மா மாட்டுனா நானும் மாட்டுனேன். அதுக்கும் தெரியும் அது. கெழவிக்கு அம்புட்டு மூள.

அதனால நாளைக்கு நீங்க எம்புட்டு முட்டை வச்சாலும் பிரயோசனம் இல்ல. அந்தம்மா எடுத்துப் பையில போட்டுட்டு, மாஃபின்னு கைய விரிக்கும். இவன் இருந்தாப் போதும்னு அதுவா நெனச்சாத்தான் கூடையில முட்டை தங்கும். கோழியக் காட்டுற சாக்குல இத்தன நேரம் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊர்லயே சிரிக்காத ஆளாப் பாத்து ஏஜெண்டு அனுப்பியிருக்கான்.

வெக்கப்படாதீகண்ணே. எம்மகளுக்காக ஒரு தரம். ஒங்க விசாவுக்காகன்னு வச்சுக்கிருங்க. கையி ரெண்டையும் மடக்குங்க. அம்புட்டு வெறப்பா வேணாம், கிரேன் இல்ல இது. கழுத்த நீட்டி, அடி வயித்துல இருந்து... ம், விடுங்க.

...

அண்ணே. இது சேவல் இல்லண்ணே. லாரி ரிவர்ஸ்ல வருது.

சூப்பர்வைசரே பயந்து ஓடிருச்சு பாருங்க. வேணாம், உக்காருங்க, நான் பாபாகிட்ட வேற எப்பிடியாச்சும்...

இருங்க. திரும்பாதீக, அப்பிடியே நில்லுங்க. அந்த ஜன்னல் திரை ஆடுது. காத்து இல்ல. இன்னொரு தரம் கூவுங்க. நல்லாக் கூவிராதீக, அதே மாதிரி, அதே லாரி.

ம்... பல்லக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல சிரிக்குது. பல்லுப் போயிரும்னு முன்னாடியே கழட்டி வச்சிட்டு சிரிக்குது. எனக்கு ஒருநாளும் இப்பிடிச் சிரிச்சதில்லையே இந்தம்மா. இத்தன வருசம் தொண்ட கிழியக் கூவுனவன் நானு.

சரி. நல்லதுதான். நீங்க கூவுங்க. நான் போயி முட்டை வாங்கியாறேன்.