பன்னிரண்டு அறை வைத்த அடுக்கு

மோரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். நீங்கள் வாங்கிக் கொடுத்ததில் அது சரியாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. கேட்பதற்கெல்லாம் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

கடல் கடந்து போய்த் தகவல் இல்லாதவர்களைத் தேடித் தருவது கடலூரில் எங்கள் சங்கத்தின் வேலை. குமாஸ்தா நான் ஒருவன்தான். என் மேசைக்குப் பின்னால் பன்னிரண்டு அறை வைத்த மர அடுக்கு. அறைக்கு ஒரு கோப்பு. அதற்கு மேல் ஒரே சமயத்தில் திறந்திருக்கக் கூடாது என்பது காரியதரிசியின் உத்தரவு. நிறையத் திறந்தால் எதுவுமே நகராது என்பார். ஒன்றை மூடினால்தான் அடுத்தது.

வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இடமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐப்பசி மழையில் தில்லையம்மாள் வந்து நின்றாள். ரங்கூன் போன மகனைக் காணோம்.

"பேரையாவது எழுதிக்கய்யா. எழுதிட்டீன்னா வந்துடுவான்" என்றாள்.

அடுக்கில் இருந்ததிலேயே பழைய கோப்பு சிதம்பரத்து ஹபிபுல்லாவுடையது. பினாங்குக்குப் போனவர். மனைவி மெகருன்னிசா தேடச் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன. 'காய்ச்சலில் காலமானார்' என்று எழுதி மூடினேன். காலியான அறையில் தில்லையம்மாளின் மகன் ஏறினான். அவள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது, ஐயா. சிதம்பரம் வரை ரயிலில் பாடிக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர் தன் வேர்க்கடலையில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மெகருன்னிசாவுக்குக் கடிதம் போட மனசு வரவில்லை. நேரிலேயே போய்ச் சொன்னேன். அழுது முடித்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் வரை கூடவே இருந்தேன். பிறகு கோயிலில் ஹபிபுல்லா பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பெயரைக் கேட்டு தீட்சிதர் தயங்கினார். சுவாமிக்கு எல்லாரும் ஒன்றுதானே என்றேன்.

தை மாதம் ஹபிபுல்லா எங்கள் ஆபீசுக்கு வந்தார். தன்னை நாங்கள் தேடுவதாகப் பினாங்கில் யாரோ சொன்னார்களாம்.

"ஜெயில்ல கெடந்தேன் சார். கடுதாசி போட வெக்கம்" என்றார். "நேரா ஊட்டுக்குப் போவ பயமா இருக்கு. அவ கோவமா இருக்காளா, சார்? வெறுங்கையோட வரல. சீலை வாங்கியாந்திருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு அறையும் நிறைந்திருந்தது. இவர் கோப்பை மறுபடி திறந்தால் யாரையாவது வெளியே எடுக்க வேண்டும். அன்று காலைதான் தில்லையம்மாள் எனக்கு அதிரசம் கொண்டுவந்திருந்தாள்.

"மெகருன்னிசா போன வருஷமே தவறிட்டாங்க" என்றேன்.

அதிரசத்தில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தார்.

"அவள அடக்குன கபுர்லயாவது நின்னுட்டுப் போறேன் சார்."

"வேணாம் பாய், மனசு தாங்காது. வந்த வழியே போயிடுங்க."

சேலையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் தேவனாம்பட்டினம் கரையில் ஒதுங்கிய பிணம் அவர்தான் என்று இப்போது சொல்கிறீர்கள். அவர் ரயிலில் போயிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நல்ல சேலை வீணாகக் கூடாதே. சங்கத்தின் அன்பளிப்பு என்று மெகருன்னிசாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானை முனையில் கிராம்பு முடிந்திருந்ததாம். அவர் எப்போது துணி அனுப்பினாலும் அப்படித்தான் முடிந்து அனுப்புவாராம். எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பிடித்துக்கொண்டுதான், அவர் உயிரோடு இருக்கிறார் என்று உங்களிடம் ஓடி வந்திருக்கிறாள்.

மற்ற கோப்புகளையும் கேட்டீர்கள். எல்லாவற்றையும் நான்தான் மூடினேன். யாரையும் தேடியதில்லை. தேடினால் நாளாகும், வாசலில் ஆள் காத்திருப்பார்கள்.

மெகருன்னிசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் என்ன சிரிப்பு, பார்த்தீர்களா. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், ஐயா, நானே போய்ச் சொல்கிறேன். ஒரு முறை அழுது பழகியவள். இந்த முறை தண்ணீர் சீக்கிரமே குடித்துவிடுவாள்.