அரை மணி ஓய்வு

நாகரத்தினம்: ...அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம். சார்ஜ் மீட்டர் எவ்ளோ காட்டுது, அதைச் சொல்லுங்க. ரேடியோல நான் உங்க பொண்டாட்டி இல்ல, டெஸ்ட் இன்ஜினியர்.

சேனாபதி: சரிங்க இன்ஜினியர் மேடம். நேத்து ரசத்துல உப்பு கம்மி. அதையும் ரிப்போர்ட்ல போட்டுக்குங்க.

நாகரத்தினம்: மகாதேவன் பக்கத்துலதான் நிக்கறான். மானத்தை வாங்காதீங்க.

மகாதேவன்: அண்ணா, என் காதுல எதுவும் விழல! எத்தனை மைல் ஆச்சு?

சேனாபதி: நாப்பத்தொண்ணு. டம்பார்ட்டன் பிரிட்ஜ்கிட்ட வந்துட்டேன். பக்கத்து கார்க்காரன் முறைச்சு முறைச்சுப் பாக்கறான்டா. எலெக்ட்ரிக் வண்டியைப் பாத்ததே இல்ல போல...

நாகரத்தினம்: மீட்டர்!

சேனாபதி: சொல்றேன், சொல்றேன்... இரு... ஓரமா நிறுத்திக்கறேன்...

நாகரத்தினம்: காலியாயிடுச்சா? என்னங்க... என்னங்க?

மகாதேவன்: விடுங்க அண்ணி. சார்ஜ் தீந்து வண்டி நின்னா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு பேட்டரிக்கு அரை மணி ரெஸ்ட் குடுக்கணும்ல? ரேடியோவும் அதே பேட்டரிதானே. அதான் சத்தமில்ல.

நாகரத்தினம்: அந்த ரூலை எழுதினதே நான்தான்டா, எனக்கே சொல்றியா? ஆனா நாப்பத்தொண்ணுலயேவா? அறுபது ஓடும், அறுபது ஓடும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே.

மகாதேவன்: இன்னிக்கு மாட்டினாரு. வரட்டும், ஒரு வாரத்துக்கு ஓட்டலாம்.

நாகரத்தினம்: ஓட்டலாம், ஓட்டலாம்.

\*

நாகரத்தினம்: டேய், அரை மணி தாண்டிடுச்சு. இன்னும் கூப்பிடலையே.

மகாதேவன்: தூங்கியிருப்பாரு அண்ணி. நான் டோ ட்ரக்கோட போயி இழுத்துட்டு வரேன். நம்மகிட்ட இருக்கற ஒரே செல்லை எடுத்துட்டுப் போறேன், அங்க போனதும் கூப்பிடறேன்.

\*

மகாதேவன்: அண்ணி... நான்தான்.

நாகரத்தினம்: இவ்ளோ நேரமா? எங்க அவரு?

மகாதேவன்: இங்கதான்... பேட்டரி காலி அண்ணி. அவ்ளோதான். நீங்க... பக்கத்து பில்டிங் காமாக்ஷி அக்காவை அங்க வரச் சொல்லியிருக்கேன். அவங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் உக்காருங்க.

நாகரத்தினம்: காமாக்ஷி எதுக்கு? போனை அவர்கிட்ட குடு.

மகாதேவன்: அவரு... போலீஸ்காரங்ககூட...

நாகரத்தினம்: மீட்டரைப் பாத்துச் சொல்லு.

மகாதேவன்: காலின்னு சொன்னேனே அண்ணி.

நாகரத்தினம்: உன் பின்னாடி டிக் டிக்னு கேக்குதே... அது என்ன?

மகாதேவன்: அது... ரோட்டுச் சத்தம் அண்ணி.

நாகரத்தினம்: போனை எடுத்ததுலேர்ந்து கேட்டுட்டுதான் இருக்கேன். பேட்டரி காலியா இருந்தா இண்டிகேட்டர் எரியாது மகா. காலியாகலைன்னா... அவரு ஏன்டா வண்டியை நிறுத்தினாரு?

மகாதேவன்: ஆம்புலன்ஸ் எனக்கு முன்னாடியே வந்துருச்சு அண்ணி. ஒண்ணும் பண்ண முடியலையாம்... ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டுட்டு, அப்படியே ஸ்டீயரிங் மேல... நான் எதையும் தொடல அண்ணி. மீட்டர்ல இன்னும் கால்வாசிக்கு மேல இருக்கு.