தாமதத்துக்கு நம்பர் இல்லை

(அக்கா கேட்கப் போகிறாள். ஷிப்ட் முடிந்து வந்ததிலிருந்து என்னையே சுற்றி வருகிறாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறாள். எது கேட்டாலும் சொல்லக் கூடாது. புதன்கிழமை நோய்களுக்கு நம்பர் போடும் பயிற்சிக்கென்று கொடுத்த பத்துப் பழைய ஆஸ்பத்திரி ஃபைல்களில் அது ஏழாவது. எட்டு மாதக் குழந்தை, ஆண், இறப்பு. பெயரின் மேல் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. படித்தேன், நம்பர் தேடிப் போட்டேன், பக்கத்தைத் திருப்பினேன். கடைசித் தாளில் டாக்டரின் கையெழுத்தில் இரண்டு வரி: காரணம் தகப்பனிடம் சொல்லப்பட்டது; தாயிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதன் கீழே அத்தானின் கையெழுத்து. அதை மறைக்க மறந்துவிட்டார்கள். கனகேஸ்வரி மிஸ் என் நம்பருக்குச் சிவப்பில் சரி போட்டு, ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.)

— என்னடி வாடை இது? பக்கத்து ஹபீபா பீவி வீட்டுக்குப் போனியா?

— தலை வலிக்குதுன்னு சொன்னேன்க்கா. அவங்களே தைலத்த எடுத்து நெத்தியில தேச்சு விட்டுட்டாங்க.

— போய் சோப்புப் போட்டுக் கழுவு. இந்த வீட்டுக்குள்ள அந்த வாடை வரக் கூடாதுன்னு எத்தன தரம் சொல்றது?

— கழுவிட்டுத்தான்க்கா வந்தேன்.

— இன்னொரு தரம் கழுவு. அப்புறம் வந்து உக்காரு. திங்கக்கிழமை பரீட்சைய வெச்சிக்கிட்டு செவுத்தப் பாத்துக்கிட்டிருக்கே. புஸ்தகத்தக் கொண்டா, நான் கேக்கறேன்.

— உனக்குப் படிக்க வருமா? எல்லாம் இங்கிலீஷு.

— ஃபாரம் த்ரீ வரைக்கும் போனவடி நான். என்னப் பாட்டன் பூட்டன் காலத்து ஆள் மாதிரி பேசாத. அம்மாடி, எழுத்தா இது, எறும்பு மாதிரி ஊருது. சரி, சொல்லு. இனிப்பு நீரு, சக்கர வியாதி?

— எரநூத்தி அம்பது.

— நிமோனியா?

— நானூத்தி எம்பத்தாறு.

— நாய் கடிச்சா?

— ஈ தொள்ளாயிரத்தி ஆறு.

— அதென்ன முன்னால ஒரு ஈ?

— உடம்புக்குள்ள தானா வந்த நோய்க்கு வெறும் நம்பரு. வெளியில இருந்து வந்ததுன்னா அது எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஈ போட்டு இன்னொரு நம்பரு. விழுந்தது, சுட்டது, கடிச்சது, அப்படி.

— தேங்கா தலையில விழுந்தா?

— ஈ தொள்ளாயிரத்திப் பதினாறு.

— சும்மா சொல்லாத.

— நெசமாத்தான்க்கா. மேலேருந்து எது விழுந்தாலும் அதுதான்.

— வேலையத்தவனுங்க லா. உக்காந்து யோசிச்சிருக்கானுங்க பாரு. சரி, புருஷன விட்டுட்டு வந்தவளுக்கு?

— வி அறுபத்தொண்ணு.

— அடியே!

— குடும்பம் பிரிஞ்சதுன்னு ஒரு வரி இருக்குக்கா. நான் என்ன செய்யட்டும்?

— அப்போ நானும் புஸ்தகத்துல இருக்கேன். ஃபேக்டரியில சொன்னா எங்க லைனே சிரிக்கும். நம்பரத் தப்பாப் போட்டா என்ன ஆவும்?

— பில்லு திரும்பி வந்துரும். பிரைவேட் ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ்காரங்க நம்பரத்தான் பாப்பாங்க. ஆளப் பாக்க மாட்டாங்க.

— அதுவும் நல்லதுதான். நீயாச்சும் என்ன மாதிரி மைக்ரோஸ்கோப்புல கண்ண விட்டுக் கம்பி ஒட்ட வேணாம். ஃபேனுக்கு அடியில உக்காந்து நம்பர் எழுது. எல்லாம் படிச்சு முடிச்சிட்டியா?

— முடிச்சாச்சு. ரெண்டு தரம்.

— ஒரு பக்கம் விடாம?

— ஒரு பக்கம் விடாம.

— அப்போ இதச் சொல்லு. பிள்ளைய ஆஸ்பத்திரிக்கு லேட்டாக் கொண்டு வந்தா, அதுக்கு என்ன நம்பர்?

— எதுக்குக்கா அதெல்லாம்?

— சொல்லுடி.

— லேட்டுக்கு நம்பர் இல்லக்கா.

— தேங்காய்க்கு இருக்கு. லேட்டுக்கு இல்லையா?

— இல்ல.

— நாளைக்கு வராரு உங்க அத்தான்.

— தெரியும். நல்லமுத்து மாமா கீழ கடையில பாத்துச் சொன்னாரு.

— ஒன்பது வருஷம் கழிச்சு! புக்கிட் தெங்காவுல லாரி ஓட்டிக்கிட்டிருந்தவர ஜொகூருக்கு மாத்திட்டாங்களாம். இருக்க வீடும் குடுக்கறாங்களாம். வந்தாக் கூட்டிக்கிட்டுப் போறேன், வரலன்னா இதுக்கு மேல கேக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. பெரிய ராஜா, ஓலை அனுப்பறாரு.

— நீ என்ன சொல்லப் போற?

— என்ன சொல்றது? வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிருவேன்.

— அனுப்பறதுக்கு எதுக்குக்கா நீலச் சேலைய எடுத்து இஸ்திரி போட்டு வெச்சிருக்க?

— வாயப் பாரு! நாலு பேரு வர இடத்துல கிழிஞ்ச கைலியோட நிக்கணுமா?

— நாலு பேரு இல்ல. ரெண்டு பேருதான் வராங்க, அத்தானும் மாமாவும்.

— சந்திரா, வாய மூடு.

— அத்தான் நல்லவருக்கா.

— உனக்கு அப்போ பதிமூணு வயசு. என்ன தெரியும் உனக்கு? ஸ்கூலு லீவுக்கு வந்தா மிட்டாய் வாங்கிக் குடுப்பாரு, அதனால நல்லவரு. அன்னைக்கு நீ கூட இருந்தியா? பிச்சைமுத்துவோட கெரேத்தாவ, அந்த ஓட்டக் காரக் கேட்டுட்டு வரேன்னு போனவரு ஒரு மணி நேரம் கழிச்சு வராரு. பட்டர்வொர்த் கிளினிக்ல பாத்துட்டு, பினாங்குக்குப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னாங்க. அப்போ பாலம் ஏது? கெரேத்தாவோட வரிசையில நிக்கறோம். என் கண்ணு முன்னால ரெண்டு ஃபெர்ரி போச்சு. இறங்கி ஓடலாம்ங்கறேன், இரு இருங்கறாரு. மூணாவதுல ஏறும்போது மடியில என் கதிரு மூச்சு மூச்சா வாங்கறான். வேர்த்து ஊத்துது. நடுக் கடல்ல காத்து அப்படி அடிக்குது, அவன் சட்டையப் பிழிஞ்சா தண்ணி வரும்.

— அக்கா, வேணாம்.

— நானா அவர் மேல பழி போட்டேன்? அடக்கம் பண்ணிட்டு வந்து, கால் கூடக் கழுவல, எல்லார் முன்னாடியும் அவரே சொன்னாரு. 'என்னாலதான். நான்தான் லேட் பண்ணிட்டேன்'னு. அவர் வாயால சொன்னது.

— கேட்டேன். நான் அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்.

— கேட்டல்ல? அப்புறம் என்ன நல்லவரு? இங்க பாரு, புதன்கிழமையில இருந்து நீ என் மூஞ்சியப் பாக்கல.

— பரீட்சைக் கவலைக்கா.

— சும்மா சொல்லாத. அன்னைக்கு ராத்திரி சோறு அப்படியே இருந்துச்சு. என் கூடப் படுக்காம ஹால்ல பாய் போட்டே. பழைய ஃபைல எல்லாம் குடுத்துப் படிக்க வெக்கறாங்கன்னு நீதான் சொன்ன. கதிரோடதப் பாத்துட்டே. இல்லையா?

— வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்க்கா. முதல் நாளே கையெழுத்து வாங்கிட்டாங்க.

— நான் வெளி ஆளா? சுமந்தவடி நான்.

— பேர மறைச்சுத்தான் குடுத்தாங்க. எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மிஸ்கிட்ட திருப்பிக் குடுத்திருப்பேன்.

— அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?

— அத்தான் தமிழ்ல கையெழுத்துப் போட்டிருந்தாரு. திருநாவுக்கரசுன்னு முழுசா. கடைசி எழுத்துல வால நீளமா இழுத்து.

— கல்யாணப் பதிவுலயும் அப்படித்தான். இழுத்த இழுப்புல என் பேரு எழுதற கட்டத்துக்குள்ள வந்துருச்சு. அந்த மலாய்க்கார ஆபீசரு சிரிச்சுட்டாரு. 'இப்பவே உங்க இடத்தப் பிடிச்சிட்டாரு'ன்னாரு. சரி, எதுக்குக் கையெழுத்து வாங்கினாங்க அவருகிட்ட?

— டாக்டரு அவர்கிட்டப் பேசியிருக்காரு. அதுக்கு.

— அவர்கிட்ட மட்டுமா? நான் எங்க போனேன்?

— தாய் மயக்கத்துல இருக்காங்கன்னு எழுதியிருக்கு. உள்ள ஒரு கட்டில்ல படுக்க வெச்சிருந்தாங்களாம்.

— என்ன பேசினாரு?

— அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அதுக்கு மேல கேக்காத. லேட்டுன்னு எங்கயும் எழுதல. வந்த மணி எழுதியிருக்கு, அவ்வளவுதான். அத்தான் மேல ஒரு வார்த்தை இல்ல. அவரு சீக்கிரம் வந்திருந்தாலும்... இல்ல, அவரு மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு அவர உள்ள கூப்பிடு. உக்கார வெச்சு ஒரு காப்பி குடு.

— லேட்டுன்னு எழுதல.

— எழுதல.

— நல்லாப் பாத்தியா?

— ரெண்டு தரம் படிச்சேன்க்கா.

— அப்போ அவரு ஏன் அப்படிச் சொன்னாரு? பெரியப்பா எல்லாரும் பாக்க அவரக் கை நீட்டி அடிச்சாரு. அப்பவும் குனிஞ்சு நின்னாரே தவிர வாயத் தொறக்கல. ஏன்?

— எனக்குத் தெரியாது.

— உனக்குப் பொய் சொல்ல வராது சந்திரா. சின்னப் பிள்ளையிலேருந்தே வராது. காது செவந்துரும். இங்க வா. உக்காரு. நம்ம வீட்ல ஏன் தைலம் இல்ல, தெரியுமா?

— உனக்கு அந்த வாடை ஆகாது.

— ஆகாதுன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். எனக்குப் பிடிச்ச வாடைடி அது. கல்யாணத்துக்கு முந்தித் தலகாணிக்கு அடியில பாட்டில வெச்சிக்கிட்டுத்தான் தூங்குவேன்.

— அக்கா, போதும்க்கா.

— அன்னைக்குக் காலையில கதிரு விடாம அழுதான். வயிறு கல்லு மாதிரி. தைலத்தத் தேச்சேன், நிக்கல. தோட்டத்துல அடுத்த லயத்து வீட்டு லெட்சுமியக்கா சொன்னாங்க, வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடு, காத்துப் பிரியும்னு. அங்க எல்லாரும் குடுக்கறதுதான். ரெண்டு சொட்டுக் குடுத்தேன். நிக்கல. அப்புறம் ஒரு தேக்கரண்டி குடுத்தேன். அழுகை நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு சந்திரா. தூங்கறான்னு நெனச்சு நான் துணி தொவைக்கப் போனேன். கிளினிக்ல நர்சு கேட்டா, பிள்ளைக்கு என்ன குடுத்தீங்கன்னு. பாட்டிலக் கையிலயே வெச்சிருந்தேன், குடுத்தேன். அவ பாட்டிலப் பாத்தா. அப்புறம் என்னப் பாக்காம அவரப் பாத்தா. புதன்கிழமையில இருந்து நீ பாக்காம இருக்கியே, அதே மாதிரி.

— நான் அப்படியெல்லாம் பாக்கலக்கா.

— 'லேட்டு, என்னாலதான்'னு அவரு சொன்னாரு பாரு, அத நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டேன். பிடிச்சிக்கிட்டு அதாலயே அவர அடிச்சேன். அடிக்க அடிக்க அது நெசமாயிருச்சு. சில நாளு ஆகாது. மைக்ரோஸ்கோப்புல குனியும்போது அந்த நர்சோட முகம் வரும்.

— நாளைக்கு அத்தான்கிட்டயே பேசுக்கா. நீங்க ரெண்டு பேரும்...

— அவரா? அவரு சாகற வரைக்கும் அதேதான் சொல்லுவாரு. கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. வாசல்ல நிக்க வெச்சு அனுப்புவேன்னு சொன்னேன்ல, அதுவும் பொய்டி. லேட்டுன்னு எழுதியிருந்தா நாளைக்கே அவரு பின்னால போயிருப்பேன். அவர மன்னிக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. எப்பவோ மன்னிச்சிட்டேன். ஆனா அது என்னாலன்னா... ஒன்பது வருஷம் அவர அப்படி நிக்க வெச்சுட்டு, எந்த மூஞ்சியோட அவரு லாரியில ஏறி உக்காருவேன்? அதனாலதான் கேக்கறேன். எனக்குத் தெரியணும். தெரியாம அந்தச் சேலையக் கட்ட முடியாது.

— தெரிஞ்சா கட்டுவியா?

— அத நான் பாத்துக்கறேன். ஃபைல்ல இருக்கறத நீ சொல்ல வேணாம். கையெழுத்துப் போட்டிருக்கே, உன் வேலை போயிரும். புஸ்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லு. தேய்க்கற தைலம் ஒரு பிள்ளையோட வயித்துக்குள்ள போனா, அதுக்கு இதுல நம்பர் இருக்கா? இந்தா புஸ்தகம். எந்தப் பக்கம்னு காட்டு. போதும்.

— ...

— சந்திரா.

— அந்தப் பக்கம் நாங்க இன்னும் படிக்கலக்கா.