உலராத அச்சு

தேநீர் வேண்டாம், ஐயா. ஒரு குவளைத் தண்ணீர் போதும்; அதையும் மேசையின் அந்த ஓரத்தில் வைத்துவிடுங்கள். இந்த இரண்டு ஜிக்குகளின் மேல் ஒரு துளியும் பட்டுவிடக் கூடாது.

ஜிக் என்பது பொய் இரை. ஈயத் தலை, அதிலிருந்து வளையும் கொக்கி, கழுத்தில் பாவாடை போல விரியும் ரப்பர் இழைகள், அவ்வளவுதான். இந்த வகையை அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனுக்காகச் செய்தார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் நம் கொடுவாவும் அதற்கு ஏமாறும். அதைச் செய்த அமெரிக்க நிறுவனம் பின்னர் நிறுத்திவிட்டது. தூண்டில் போடும் எங்கள் சிறு கூட்டத்தில் ஓர் அசல்தான் எஞ்சியிருந்தது. அது ஜவஹரிடம் இருந்தது.

ஜவஹர் தியாகராய நகரில் கைப்பேசி பழுதுபார்ப்பவர். நான் பஞ்சாட்சரம், மயிலாப்பூரில் ஒரு பாடநூல் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவன். பிறர் பிழைகளைச் சுட்டியே வாழ்ந்தேன். என் பிழையை ஒருவரும் சுட்டியதில்லை. சுட்டிவிடுவார்களோ என்ற அச்சம் மட்டும் எப்போதும் உண்டு. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து கதவருகே நின்று கேட்பேன்.

அச்சு எடுப்பதற்காக அந்த அசலை இரவல் கேட்டேன்.

"எடுத்துக்கினு போ சார். ஆனா என் ராசாவ பத்திரமா கொணாந்து குட்த்துரணும், ஆமா," என்றார்.

பிளாஸ்டரில் அச்சு செய்தேன். கடையில் வாங்கிய கொக்கியை அதில் பதித்து, டயர் கடையில் கிடைக்கும் பழைய ஈயத் துண்டுகளைச் சமையலறை அடுப்பில் உருக்கி வார்த்தேன். பல கழிந்தன. கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது: அதே எடை, அதே சாய்வு, கொடுவாவின் பல் பட்ட தழும்பு உட்பட. அவ்வளவு சரியாக அமைந்ததால் அதையே ஜவஹரிடம் கொடுத்தேன், அசலை வைத்துக்கொண்டேன். வேறுபாடே இல்லாதபோது அதைத் திருட்டு என்று சொல்ல இயலாது என்று அன்று கருதினேன். இன்றும் அவ்வாறே கருதுகிறேன்.

உடைந்த பாலத்தருகே அவர் அதை வீசி மீன் பிடிப்பார். "பாத்தியா சார்? ஒரிஜினல் ஒரிஜினல்தான். நீ வாக்கிறதெல்லாம் டூப்பு," என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீடு திரும்பியதும் கதவைத் தாழிடுவேன். தாழிட்டேனா என்று மீண்டும் எழுந்து பார்ப்பேன்.

ஒரு மாலை அவர் சிரிக்காமல் கொக்கியைக் காட்டினார்.

"இன்னா சார், துரு புட்ச்சிகீது? கம்பெனி மாலு துரு புடிக்குமா?"

உப்புக் காற்று என்றேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"ஞாயித்துக்கெயம உன் வூட்டாண்ட வர்றேன். நானே ஒண்ணு வாத்து, ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்கணும்."

பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தன்னிடம் இருப்பதும் என் வார்ப்பே என்று கண்டுகொள்வார்.

வார்ப்பதற்கு முன் அச்சைத் தோசைக்கல்லில் வைத்து நெடுநேரம் வாட்டுவது என் வழக்கம். பிளாஸ்டர் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். உருகிய ஈயம் அதைத் தொட்டால் நீர் நொடியில் ஆவியாகி, ஈயத்தை வந்த வழியே மேலே வீசும். ஜவஹர் இதை அறியார். அந்த ஞாயிறு காலை அச்சை வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். எடுத்தபின், வெளிப்புறத்தை மட்டும் துணியால் ஒற்றினேன்.

"குனிஞ்சி ஊத்தணுமா சார்?"

"ஆமா ஜவஹர். ஓட்டையப் பாத்து, நல்லா கிட்டப் போய் ஊத்துங்க."

வீட்டில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதை நான் அணிந்திருந்தேன்.

ஒலி பெரிதாக இல்லை. அவர் முகத்தைப் பொத்திப் பின்வாங்கியபோது முழங்கை பட்டு, அடுப்பிலிருந்த பாத்திரமும் அவர் மேல் சாய்ந்தது. ஆட்டோவில் அவர் தலையை என் மடியில் வைத்தே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன். அடுத்த வாரம் இறந்தார். இதே காவல் நிலையத்தில் நீங்கள் விபத்து என்று வழக்கை முடித்தீர்கள்.

அவர் மனைவி அன்புக்கரசி என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூடவே இருந்து பாத்துக்கினீங்களே சார். இது அவரு ராசா. உங்களாண்டயே இருக்கட்டும்," என்று அந்த ஜிக்கைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். நான் ஒளித்துவைத்திருந்த அசலின் கொக்கியிலும் துரு ஏறியிருந்தது. ஆகவே துரு எதையும் காட்டிக்கொடுத்திருக்காது. ஜவஹர் என்னை ஐயுற்றாரா என்பதுகூட இனித் தெரியாது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. தடவியதில் இரண்டும் தரையில் விழுந்தன. விளக்கு வந்தபின் எடுத்துப் பார்த்தேன். தராசில் வைத்தேன். தழும்புகளை விரல் நகத்தால் தடவினேன். எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஜவஹரைக் கொன்றவன் நான். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். உங்கள் ஆய்வகத்தில் உலோகத்தைச் சோதிப்பார்களாமே, அதற்காகத்தான் வந்தேன். எது அசல் என்று மட்டும் கேட்டுச் சொல்லிவிடுங்கள், ஐயா. தெரியாமல் இருப்பது மிகவும் பயமாக இருக்கிறது.